கீழிருந்து மூன்றாவது சால்வை

எங்கள் ஊரில் மைக் பிடிக்கிறவனுக்குக் கூலி சால்வைதான். நான் முப்பது வருடமாகப் பிடிக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழா, பட்டிமன்றம், யாரோ ஒருவருடைய பணி நிறைவு விழா, எதுவானாலும் கடைசியில் "நிகழ்ச்சியைச் சிறப்பாகத் தொகுத்து வழங்கிய நமது நண்பருக்கு" என்று ஒரு குரல் கேட்கும். நான் மேடையை விட்டு இறங்கப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் கூட்டம் பலமாகக் கைதட்டும். என் தோளில் ஒரு சால்வை விழும்.

அப்படி விழுந்தவை வீட்டு இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி இருக்கின்றன. போர்த்திக்கொள்ளலாம் என்றால் காரைக்காலில் குளிர் கிடையாது. தரை துடைக்கலாம் என்றால் அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சாது. மனைவி ஒருமுறை அதில் தலையணை உறை தைத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஜரிகை மாங்காய் ஒன்று என் கன்னத்தில் பதிந்திருந்தது. அதோடு அந்த முயற்சியைக் கைவிட்டோம்.

ஆக, சால்வை வந்த வழியிலேயே போக வேண்டியதுதான். ஊரின் பழைய வீடுகள், பழைய பாட்டுகள், பழைய ஆட்டங்களைப் பற்றி விழா எடுக்கும் ஒரு சின்ன மரபு வட்டத்துக்கு நான் செயலாளர். எங்கள் விழாவுக்கு வருகிறவர்களுக்கு என் அலமாரியிலிருந்து சால்வை போகும். வேறொரு விழாவில் வேறொருவர் அலமாரியிலிருந்து எனக்கு வரும். இந்தச் சுழற்சி ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். ஒருமுறை நான் கொடுத்த சால்வையே ஒன்றரை வருடம் ஊரைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் என் பேனா மசிக் கறையோடு எனக்கே திரும்பி வந்தது. வெளியூர் போயிருந்த நண்பனைக் கண்டதுபோல அணைத்துப் போர்த்திக்கொண்டேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் மகனுடைய கல்யாணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிறுத்தப் பார்த்தது.

ஆவணி மாதம். புதன்கிழமை முகூர்த்தம். அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் வட்டத்தின் ஆண்டு விழா. "மூணு நாள்ல புள்ளைக்குக் கல்யாணத்த வெச்சுக்கிட்டு மைக் பிடிக்கப் போற ஒரே அப்பன் நீங்கதான்" என்றாள் மனைவி. நான் மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்காமல், பெண்ணின் அப்பாவான சம்பந்தியையும் விழாவுக்கு அழைத்திருந்தேன். ஊரில் எனக்கு எவ்வளவு மரியாதை என்பதை அவர் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசை.

சம்பந்தி தங்கமான மனிதர். ஆனால் சகுனத்துக்குக் கட்டுப்பட்டவர். நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்டபோது எதிரே விறகு வண்டி வந்ததென்று வீட்டுக்குத் திரும்பி, கால் கழுவி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அதற்குள் இட்லி ஆறிப்போனதை இரண்டு குடும்பமும் மறக்கவில்லை.

விழாவில் நான்கு பேருக்கு மரியாதை செய்வதாக முடிவு. "சால்வையப் பத்திக் கவலப்படாதீங்க, எங்கிட்ட விடுங்க" என்று தலைவரிடம் ஏற்கெனவே அடித்து விட்டிருந்தேன். ஞாயிறு மதியம் மனைவி தெற்குத் தெருவில் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். வீட்டில் வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியோடு கூடத்தில் நின்றார்கள். நான் அலமாரியைத் திறந்து, அடுக்கின் அடியில் கையை விட்டு நான்கு சால்வைகளை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கடற்கரைச் சாலைப் பக்கம், உயரமான சன்னல்கள் வைத்த பிரெஞ்சுக்காலக் கூடம் ஒன்றில்தான் எங்கள் விழாக்கள் நடக்கும். நான்கு மணிக்கு வெளி முற்றத்தில் கும்மி. நெடுங்காட்டிலிருந்து பதினோரு பெண்கள் வேனில் வந்திருந்தார்கள். எல்லோரும் வயல் வேலை செய்கிறவர்கள். முன்னால் நின்று பாடிய அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். மைக் இல்லாமலே குரல் தெருமுனை வரைக்கும் போயிற்று. முற்றத்தில் பந்தல் போட நாங்கள் மறந்திருந்தோம். கருங்கல் தரை கொதித்தது. யாரோ ஒருவர் என்னிடம் அதைச் சொன்னார். நான் மைக்கில், "நெடுங்காட்டு வயல் வெயிலைப் பார்த்தவங்களுக்கு இது நிலா வெளிச்சம்!" என்றேன். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. சம்பந்தி முன்வரிசையில் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த அம்மா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

கும்மி முடிந்து எல்லோரும் கூடத்துக்குள் வந்தோம். இறைவணக்கப் பாடலுக்கு எழுந்து நின்றபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை, பக்கவாட்டுக் கதவுப் பக்கம் ஒதுங்கி, வாயைக் கையால் மூடிக்கொண்டு எடுத்தேன்.

"அலமாரியத் தொறந்தீங்களா?" மனைவியின் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"தொறந்தேன்."

"சால்வை எடுத்தீங்களா?"

"நாலே நாலு. ஏன், உனக்கு வேணுமா?"



"கீழேருந்து மூணாவது சால்வை மடிப்புல தாலி இருக்குங்க."

பாடல் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தாலியக் கொண்டுபோய் யாராவது சால்வைக்குள்ள..."

"பூசை அலமாரிக்கும் சேத்துத்தான் வெள்ளையடிக்கிறாங்க. வீடு பூரா ஆளுங்க. மஞ்சத் துணில முடிஞ்சு அங்க வெச்சேன். ஒங்க சால்வைய எந்தத் திருடன் தொடுவான்? வீட்லயே பத்திரமான எடம் அதுதான்னு நெனச்சேன்."

"சரி, சரி. நான் பாத்துக்கிறேன்."

"நாளைக்கு விடியக்காலைல பந்தக்கால். தாலிய சாமி முன்னால வெச்சுக் கும்பிடணும். சம்பந்தி வேற இப்ப அங்க முன்னால உக்காந்திருப்பாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..." பாதியிலேயே வைத்துவிட்டாள்.

அவள் சொல்லாததை நான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேடையில் ஒரு சால்வையை உதறுவார்கள். மருமகள் கழுத்தில் ஏறவேண்டிய தாலி, முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால், இருநூறு பேருக்கு நடுவே, யாரோ ஒரு ஆம்பளையின் மடியிலோ காலடியிலோ போய் விழும். விறகு வண்டிக்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் இதற்கு எத்தனை வருடம் உட்காருவார்?

நான்கு சால்வைகளும் மேடை மேசையில் ஒரு பித்தளைத் தட்டில் இருந்தன. பொருளாளர் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார். நான்கும் அரக்கு நிறம். நான்கிலும் ஒரே ஜரிகை. பொன்னாடையில் வேறு நிறமே நெய்யமாட்டார்கள் போல. எது கீழிருந்து மூன்றாவது என்று இனிமேல் அலமாரிக்கே தெரியாது.

மேசைக்கு அருகே போய், குறிப்புத்தாளைத் தேடுவதுபோல மேல் சால்வையை விரல்களால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பொட்டுத் தாலி சின்னது. மடிப்போ எட்டு மடிப்பு.

"என்ன சார், கடைக்குத் துணி எடுக்க வந்த மாதிரி தடவுறீங்க?" என்றார் பொருளாளர்.

"தூசி இருக்கான்னு பாத்தேன். உள்ள கொண்டுபோய் ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்."

தட்டை இரண்டு கையாலும் தூக்கினேன். தலைவர் அதன் மறுபக்கத்தைப் பிடித்தார். "எங்க கொண்டு போறீங்க? பேராசிரியர் பேசி முடிச்ச கையோட புதுச்சேரிக்குக் கெளம்பணுமாம். மரியாதைய மொதல்ல முடிச்சிடுவோம். நீங்க அறிவிங்க."

ஒரு கணம் இரண்டு பேரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடி நின்றோம். முன்வரிசையில் சம்பந்தி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் விட்டுவிட்டேன்.

மைக்குக்குப் போகிற நாலடி தூரத்தில் ஒரு யோசனை வந்தது. "இந்த ஆண்டு ஒரு புதுமை. சால்வையின் மடிப்புக் கலையாமல், அப்படியே கையில் கொடுத்துக் கௌரவிக்கப் போகிறோம்" என்று அறிவித்தேன். மடிப்போடு கைக்குப் போனால் பிறகு எப்படியாவது வாங்கிவிடலாம். ஆனால் தலைவர் குனிந்து என் மைக்கிலேயே சொன்னார்: "அதெல்லாம் கெடயாது. போர்த்தலன்னா போட்டோல துணிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும்." கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதலில் பேராசிரியர். அவரை அறிமுகப்படுத்த எனக்கு ஒரு நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவர் எழுதாத புத்தகங்களைக்கூடப் பாராட்டிவிட்டேன் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அறிமுகம் முடிந்துதானே ஆகவேண்டும். தலைவர் முதல் சால்வையை எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: போர்த்துவதற்கு முன் சால்வையை இரண்டு கையாலும் பிடித்து, மீனவர் வலை வீசுவதுபோல ஒரு உதறு உதறுவார்.

உதறினார். ஏதோ ஒன்று தெறித்து மேடைப் பலகையில் டக்கென்று விழுந்தது.

அது உருண்டது. கூடம் முழுவதும் அந்தச் சத்தம் மட்டும் இருப்பதுபோல எனக்குக் கேட்டது. மேடை விளிம்புக்குப் போய், கீழே விழுந்து, சரியாகச் சம்பந்தியின் செருப்பில் மோதி நின்றது. அவர் குனிந்து எடுத்தார். வெள்ளையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்துருண்டை.

"சூடமா?" என்று கீழிருந்து கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

இரண்டாவது, பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிற தொண்ணூறு வயதுக்காரர். தன் வீட்டுப் பழைய புகைப்படங்களை எங்கள் காட்சிக்குக் கொடுத்தவர். எழுந்திருக்க முடியாததால் உட்கார்ந்தபடியே போர்த்தினார்கள். உதறவில்லை. அவர் "மெர்சி, மெர்சி" என்று சால்வையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். உள்ளே இருக்கிறதா இல்லையா? எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஐயாவைக் கட்டிக்கணும் போல இருக்கு!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டேன். முதுகு, தோள், விலா, மடி எல்லாம் தடவினேன். கூட்டம் நெகிழ்ந்து கைதட்டியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயாவிடம் எலும்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. வலை மறுபடி வீசப்பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

அப்படியானால் நான்காவது.

நான்காவது, கும்மி அம்மாவுக்கு. பெண்களுக்கு ஆண்கள் சால்வை போர்த்துவதில்லை. போர்த்துவதே இல்லை, இன்னொரு பெண் மடித்தபடி கையில் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தலைவரின் மனைவி மேடையேறிக் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். கட்டைவிரலால் சால்வையின் ஓரத்தை ஒருமுறை நெருடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மடிப்புக் கலையவில்லை. மேடையில் மானம் போகவில்லை. தாலி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பேராசிரியர் பேச எழுந்ததும் ஒரே ஓட்டமாக வெளியே போனேன். முற்றம் காலி. "நெடுங்காட்டு வேனா? இப்பத்தான் கெளம்புச்சு. நாளைக்குக் களையெடுப்பு இருக்காம், அவசரமாப் போனாங்க" என்றார் வாசலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர். திரும்ப உள்ளே வந்து, பொருளாளர் கையில் மைக்கைத் திணித்து, நன்றியுரை அவருடையது என்றேன். "நானா? நான் பேசினதே இல்லயே!" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் பரிதாபமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பரிதாபத்துக்கு என்னிடம் இடமில்லை.

வண்டியைக் கிளப்பும்போது பின் இருக்கையில் ஒரு கனம் ஏறியது.

"எங்க சம்பந்தி, விழாவ விட்டுட்டு?"

திரும்பிப் பார்த்தேன். சட்டைப்பையில் அந்துருண்டை மணக்கச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

"நெடுங்காடு வரைக்கும் ஒரு சின்ன வேல. நீங்க உக்காந்து பேச்சக் கேளுங்க."

"நெடுங்காடா? என் சிநேகிதர் ஒருத்தருக்கு அங்க பத்திரிகை வெக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்களா வந்து வாய்க்கிறீங்க பாருங்க! விடுங்க வண்டிய."

தலத்தெருவில் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது நான் தலையைத் திருப்பவில்லை. மனைவி வாசலில் நின்றிருந்தால், பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருந்தால், அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டிருப்பாள். ஊர் முடிந்து இரண்டு பக்கமும் வயல் வந்தது. சம்பந்தி என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்.

"தாலி வந்துடுச்சா?"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சாலையில் பள்ளம் எதுவும் இல்லை.

"வெள்ளிக்கிழமையே வந்துடுச்சுங்க."

"சாமி முன்னாலதான் இருக்கு?"

"அது... நல்ல எடத்துலதாங்க இருக்கு."

"அதுதான் முக்கியம். மத்தது எதுல கொறை இருந்தாலும் பொறுத்துக்கலாம். தாலில மட்டும் ஒரு சின்ன அபசகுனம்னாலும் என் மனசு தாங்காது, சம்பந்தி. ஒங்ககிட்ட மறைக்காம சொல்றேன்."

"எனக்கும் தாங்காதுங்க" என்றேன். அன்று நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான்.

வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். கொடுத்த மரியாதையை எப்படித் திருப்பிக் கேட்பது? 'அம்மா, சால்வை மாறிப்போச்சு' என்றால், வேறு சால்வை எங்கே என்பார். 'இதைவிட நல்லதாகத் தருகிறேன்' என்றால், அப்போது கொடுத்தது மட்டமா என்பார். உள்ளே ஒரு பொருள் இருக்கிறது என்றால், புதுச் சால்வைக்குள் உங்கள் வீட்டுப் பொருள் எப்படி வந்தது என்பார். எந்தப் பக்கம் போனாலும் என் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் போய் முட்டியது. இன்னொரு பயமும் கூடவே வந்தது. அந்த அம்மா சால்வையை வழியிலேயே வேறு யாருக்காவது கொடுத்துவிட்டிருந்தால்? என் சுழற்சி முறை எனக்கு மட்டும்தான் சொந்தமா என்ன?

நெடுங்காட்டில் இறங்கியதும் சம்பந்தி, "நீங்க ஒங்க வேலயப் பாருங்க. பத்து நிமிஷத்துல அங்கயே வந்துடறேன்" என்று சிநேகிதர் வீட்டுப் பக்கம் நடந்தார். எனக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிடம்.

கும்மி அம்மா வீடு எதுவென்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி, "யக்கா, சொன்ன மாதிரியே வந்துட்டாரு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நான் சொல்லல? வெளக்கு வெக்கிறதுக்குள்ள வருவாருன்னு. வாங்க சார், உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. அதன் நுனியில் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியத்தைச் செய்தேன்: சிரித்தேன். "என்னம்மா, நம்ம சால்வை எப்படி இருக்கு?"

"சிரிக்காதீங்க சார்."

நிறுத்திக்கொண்டேன்.

"வாங்குன கையிலயே தெரிஞ்சுபோச்சு. புதுத் துணி மொறமொறன்னு இருக்கும். இது தொவண்டு கெடக்கு. அந்துருண்ட நாத்தம் வேற. சரி, குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம்னு வேன்ல ஏறிட்டேன். இவதான் பிரிச்சுப் பாக்கலாம் யக்கான்னா. பிரிச்சா மஞ்சத் துணி. அத அவுத்தா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வயசுல எனக்கு யாரு தாலி குடுத்து அனுப்புறதுன்னு ஒரு நிமிசம் எனக்கே வெக்கமாப் போச்சு."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இருக்கிறது. தாலி இருக்கிறது.

"என் மகனுக்குப் புதன்கிழமை கல்யாணம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, சுழற்சி, மனைவி, வெள்ளையடிப்பு, சம்பந்தி, விறகு வண்டி. ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "சால்வை பழசுதாம்மா. யாரோ எனக்குப் போட்டது. அதத்தான் ஒங்களுக்குக் கொண்டாந்தேன்."

அந்த அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்து, "காலக் காட்டுடி" என்றார். அவள் கூச்சத்தோடு பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம்.

"நெலா வெளிச்சம்னு சொன்னீங்கள்ல, மைக்குல? இதான் அந்த நெலா. பந்தல் போடல, சரி. மறந்துட்டீங்க. ஒரு வாளித் தண்ணி தெளிச்சு விட்டிருந்தா தரை ஆறியிருக்கும். அதையும் விடுங்க. பதினோரு பேரு ஆடுனோம், ஒரு சால்வ. அதுவும் ஒங்க வீட்டுக் கழிவு. நாங்க மரியாத வேணும்னு ஒங்ககிட்ட வந்து நிக்கல சார். நீங்கதான் கூப்புட்டீங்க. குடுத்தா நெசமாக் குடுங்க. இல்லன்னா, ஆடுனீங்க, போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க. அது போதும் எங்களுக்கு."

முப்பது வருடம் மைக் பிடித்த வாயால் "தப்புதாம்மா" என்றேன். அது என் காதுக்கே சின்னதாகக் கேட்டது.

"எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேரு, அம்மன் கோயில்ல போட்டுருவோம்னாங்க. ஒருத்தி, போலீஸ் ஸ்டேஷன்ல செவப்புத் தொப்பிக்காரங்ககிட்ட குடுத்துருவோம்னா. நான்தான் வேணான்னேன். ஒரு பொண்ணு கழுத்துக்குப் போற பொருளு, அவங்க வீட்ல என்ன பதறுவாங்களோன்னு." அவர் எழுந்தார். "கல்யாணப் பத்திரிகை எங்க?"

வண்டிப் பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. ஓடிப்போய் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இப்படி நட்டாமுட்டியாக் குடுத்தா வாங்குவனா? நாளைக்கு வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்து, தட்டுல வெச்சு, குங்குமம் குடுத்து முறையாக் கூப்புடுங்க. எனக்கு மட்டும் இல்ல. பதினோரு வீட்டுக்கும்."

"நாளைக்குப் பந்தக்கால்மா..."

"பந்தக்கால் காலைலதான? சாயங்காலம் வாங்க."

"வரேம்மா" என்றேன். அந்த நேரத்தில் தெருமுனையில் சம்பந்தியின் வெள்ளை வேட்டி தெரிந்தது.

"அவருதானா?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன செய்யப் போகிறார்? சம்பந்தி முன்னால் மஞ்சள் துணியை நீட்டினால் கதை முடிந்தது. நீட்டாமல் விட்டால், வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? சம்பந்தி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "வேல முடிஞ்சுதா?" என்றார். "இதோ, ஆச்சுங்க" என்று மறுபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா ஒரு தட்டோடு வெளியே வந்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு மஞ்சள் கொம்பு, குங்குமம். வெற்றிலைக்கு அடியில் ஒரு சின்ன மஞ்சள் நுனி தெரிந்ததா, நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

"மாப்ள வீட்டுக்காரரு வாசல் தேடி வந்துருக்காரு. வெறுங்கையோட அனுப்புனா நல்லா இருக்குமா?" என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, எழுந்து ரெண்டு கையாலயும் வாங்குங்க. துண்ட விரிங்க."

சார் போய் அண்ணே ஆகியிருந்தேன். எழுந்து, தோளில் இருந்த துண்டை விரித்துப் பிடித்தேன். தட்டில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே துண்டில் சரித்தார். வெற்றிலைக்கு நடுவே ஒரு சின்னக் கனம் என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பதினோரு பெண்களும் சேர்ந்து ஒரு குலவை விட்டார்கள்.

சம்பந்தி கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா சம்பந்தி? கூப்புடாமலே மஞ்சளும் குங்குமமும் கெடைக்குது, குலவ கேக்குது. இதவிட நல்ல சகுனம் உண்டா?"

"கெடயாதுங்க" என்றேன். துண்டை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தேன். திரும்பி வரும்போது வண்டியை அவரை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி என் கண்ணைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். "வாங்கண்ணா, காப்பி சாப்புடுங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே துண்டை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பூசை மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் என்னோடு பேசியது மறுநாள் பந்தக்கால் ஊன்றிய பிறகுதான்.

அன்று சாயங்காலம் பதினோரு வீட்டுக்கும் போனோம். மனைவி ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முறையாக அழைத்தாள். கொப்புளம் வந்த பெண்ணின் வீட்டில் மட்டும் அவள் காலைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னாள். நான் போய் நின்றேன்.

புதன்கிழமை பதினோரு பேரும் வந்தார்கள். தாலி ஏறியபோது அவர்களுடைய குலவை நாதஸ்வரத்தையே அமுக்கியது. சம்பந்தி அது யாரென்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாழ்த்துகிறவர்கள் வரிசையில் கும்மி அம்மாவும் மேடைக்கு வந்தார். பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசினார். கையில் ஒரு பை இருந்தது. அதற்குள்ளிருந்து அரக்கு நிறத்தில், ஜரிகை போட்ட ஒன்றை எடுத்தார்.

"மாப்ளயோட அப்பாவுக்கு எங்க ஊரு சார்பா ஒரு மரியாத" என்று சத்தமாகச் சொல்லி, மேடை நடுவில், எல்லோர் முன்னாலும் அதை ஒரு உதறு உதறினார். எங்கள் தலைவரைவிடப் பெரிய உதறு. என் மனைவியின் கை தன்னையறியாமல் மருமகள் கழுத்துப் பக்கம் போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்தது.

ஒன்றும் விழவில்லை. அதை மடித்து என் கையில் கொடுத்தார். அந்துருண்டை வாசம் போய்விட்டிருந்தது. துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டிருந்தார்.

"நல்லாப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன் அண்ணே" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இத இனிமே யாருக்கும் குடுத்துடாதீங்க."

இதுவரை கொடுக்கவில்லை. அது இப்போது தனித் தட்டில் இருக்கிறது. போன மாதம் அடுத்த விழாவுக்கான கூட்டத்தில் கும்மிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. நெடுங்காடுதான் என்றார்கள். யார் போய்க் கூப்பிடுவது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் முற்றத்துப் பந்தலை முடிவு செய்வோம் என்றேன். ஏதோ ஜோக் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பொருளாளர் குறிப்பேட்டைத் திறந்து, 'பந்தல்' என்று எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே நான் சொல்லச் சொல்ல, 'புதுச் சேலை, பதினொன்று' என்று எழுதினார்.